வெயில் பக்கம் கேட்ட ஜோடி

1

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் வந்தது. ஜன்னலோர இருக்கையில், காலடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் திருப்பதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மூக்குக்கண்ணாடி, கூலிங் கிளாஸ் எல்லாம் விற்போம். அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன், தொழில் புத்தி. அந்தப் பெண்ணின் முகம் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. வருஷக்கணக்காகக் கூலிங் கிளாஸோடு வெயிலில் நின்றால்தான் அப்படி ஆகும். சினிமாக்காரியாக இருப்பாளோ என்று நினைத்தேன். அதற்குள் அவள் பையிலிருந்து மணல் கொட்டுவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். ஆற்று மணலை லாரியில் கடத்தியது போதாதென்று இப்போது பையிலும் கடத்துகிறீர்களா அம்மா என்று தெலுங்கில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"வாலிபால் ஆடுறேங்க்கா. பீச் வாலிபால்," என்றாள் என்னிடம்.

நம்ம ஊரில் கடல் ஏது என்று கேட்டேன்.

"கடலு எதுக்குக்கா? மணலு இருந்தா போதும்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. வடமாலப்பேட்டை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம். அன்று அவள் திருப்பதியில் இருக்கும் தன் ஆட்டக் கூட்டாளியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டுமாம். என்ன விஷயம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். திருச்சானூரில் இறங்கிப் போய்விட்டாள். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. திருச்சானூரில் இறங்கியதால் அந்த ஊர்க் கோயில் தாயார் பெயரையே வைத்துவிட்டேன். அலர்மேல்மங்கை. வீட்டில் மங்கா. கூட்டாளிக்குத் தேவயானி என்று வைத்தேன், அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்ததை மறைக்காமல் வைக்கிறேன்.

*அலைகள் ஆர்ப்பரிக்கும் கடற்கரையில், அலர்மேல்மங்கை வானத்தை நோக்கி எழும்பினாள். அவளது விரிந்த கைகள்*

இதோடு நிறுத்திவிட்டேன். அவள் கடலைப் பார்த்ததே பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான். பார்த்தவுடன் நடந்தது வேறு. அதை அப்புறம் சொல்கிறேன்.

*வறுமை என்னும் கொடிய நிழல் அந்த நெசவுக் குடும்பத்தின் மீது*

இதை என் வீட்டுக்காரர் குணா தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். கம்பெனி வாலிபால் அணியிலும் இருக்கிறார். இரண்டில் எது வேலை, எது பொழுதுபோக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அவங்க நைனா லூம்ல வேலை செய்றாரு. மூணு வேளையும் துன்றாங்க. நீ எதுக்கு அவங்கள பட்டினி போட்டுக்கினு கீற?" என்றார்.

நியாயமான கேள்விதான். அந்த வரியை அடித்துவிட்டேன். மூன்றாவது ஆரம்பம் என்னுடையது இல்லை. அவளே பஸ்ஸில் சொன்ன வாக்கியம், அதை அப்படியே வைக்கிறேன்.

"ஆத்துல பொண்ணுங்களுக்கு எப்பவும் வெயில் பக்கம்தான்."

3

நகரிக்குப் பக்கத்தில் குசஸ்தலை ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது பழக்க தோஷம். நல்ல மழைக்கு ஓடும், மற்றபடி மணல்தான். ஷிப்ட் முடிந்த பவர்லூம் ஆட்கள் சாயங்காலம் அங்கே நெட் கட்டி வாலிபால் ஆடுவார்கள். மங்காவின் அப்பா தங்கவேலு அதில் முக்கியமான ஆள். மகள் கூடவே போய்ப் பந்து எடுத்துப் போட்டாள். அப்புறம் ஆள் குறைந்த நாளில் உள்ளே இறங்கினாள். பிறகு ஆள் குறையாத நாளிலும் இறங்கினாள். அவளோடு படித்த தேவயானியும் சேர்ந்துகொண்டாள். தேவயானிக்குச் சொந்த ஊர் வெதுருகுப்பம், தெலுங்கு வீடு. படிப்புக்காக நகரியில் மாமா வீட்டில் இருந்தாள். ஆறு பேர் சேர்க்கும் அளவுக்குப் பெண்கள் கிடையாது. அதனால் இந்த இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு ஆண்கள் எதிர்ப் பக்கம். பீச் வாலிபால் என்று ஓர் ஆட்டம் உலகத்தில் இருப்பதே தெரியாமல் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

(ஆட்டம் தெரியாதவர்களுக்கு, அதாவது போன மாதம் வரை அப்படி இருந்த எனக்கு: பக்கத்துக்கு இரண்டே பேர். மாற்று ஆள் கிடையாது. ஒருத்திக்கு அடிபட்டு ஆட முடியாமல் போனால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆற்றில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்கால வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். மேற்குப் பக்கம் நிற்கிறவர்களுக்கு முதுகில் வெயில், கிழக்குப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் கண்ணில் வெயில். மேற்குப் பக்கம் பெரியவர்களுக்கு. செட் முடிந்தால் பக்கம் மாற வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். ஆற்றில் அந்தச் சட்டம் செல்லாது. நெசவுக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவனைப் போய் வெயிலைப் பார்த்து நிற்கச் சொல்ல முடியுமா? பெண்கள் கிழக்கே நின்றார்கள். தங்கவேலுவும் மேற்கேதான் நின்றார். மகள் என்று பார்க்காமல், பந்தை நேராகச் சூரியனுக்குள் தூக்கி சர்வீஸ் போடுவார்.

சூரியனுக்குள் போன பந்தை எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாது. அதனால் பார்க்காமல் ஆடக் கற்றுக்கொண்டார்கள். சாயங்கால வெயிலில் எதிர்ப் பக்கத்து ஆட்களின் நிழல் நீளமாக நெட்டுக்குக் கீழே புகுந்து இவர்கள் காலடிக்கே வரும். அடிக்கப் போகிறவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, கை எங்கே மடங்குகிறது எல்லாம் மணலில் விழும். இரண்டு பெண்களும் தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே பந்து எங்கே வரும் என்று சொல்லிவிடுவார்கள். ஆண்களுக்கு இது புரியவில்லை. குனிந்த தலை நிமிராத பெண்கள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

4

பள்ளிக்கூடம் முடிந்த வருஷம், யாரோ சொல்லி, விசாகப்பட்டினத்தில் ஒரு போட்டிக்குப் போனார்கள். அங்கேதான் முதல் தடவை கடல்.

(இந்த இடத்தில் கடலைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் மங்காவுக்குக் கடலைப் பார்க்க நேரமில்லை, ஆட்டம் தொடங்கிவிட்டது. எடுத்துவிட்டேன்.)

பீச் வாலிபாலில் ஒவ்வொரு ஏழு பாயிண்டுக்கும் பக்கம் மாற வேண்டும். வெயிலும் காற்றும் ஒரே ஜோடியை வாட்டக் கூடாது என்பதற்காக. முதல் ஏழு பாயிண்ட் இவர்களுக்கு வெயில் பக்கம் வந்தது. எதிரே தேசிய அணியில் ஆடிய இரண்டு பேர். நகரியிலிருந்து வந்த இந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் திணற அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. பிறகு பக்கம் மாறினார்கள்.

நல்ல பக்கம். வெயில் முதுகில். வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் அந்தப் பக்கம் நின்றார்கள். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பந்து தெரிந்தது, கூட்டம் தெரிந்தது, தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. மணலில் மட்டும் ஒன்றும் இல்லை. எதிராளிகளின் நிழல் அவர்களுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. வரிசையாகப் பாயிண்ட் போயிற்று. மறுபடி வெயில் பக்கம் வந்தால் ஜெயித்தார்கள், நல்ல பக்கம் போனால் தோற்றார்கள். கடைசியில் தோல்வி.

இது மாதிரி ஒரு தப்பை வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க முடியாது. நன்மை வரும் இடத்தில் தடுமாறி விழுவதற்கு எவ்வளவு காலம் கெட்ட இடத்தில் நின்றிருக்க வேண்டும்! எழுதும்போது எனக்கு ஆற்று ஆண்கள் மேல் கோபம் வந்தது. மங்காவுக்கு வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் டாஸ் ஜெயித்ததும், எந்தப் பக்கம் என்று நடுவர் கேட்டார். வெயிலைக் கையால் காட்டினாள். தவறாகப் புரிந்துகொண்டாளோ என்று நடுவர் மறுபடி கேட்டார். மறுபடி காட்டினாள். எதிராளிகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். செட் முடியும்போது சிரிக்கவில்லை.

நல்ல பக்கத்துக்கு வழி சொன்னவள் தேவயானி. தொப்பியைப் புருவத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்ளச் சொன்னாள். பந்து மேலே போவது தெரியாது. எதிராளியின் கால் தெரியும். நிழல் சொன்னதைக் கால் சொல்லும் என்றாள். சில மாதங்களில் சொல்லிற்று.

(இந்தத் தொப்பி விஷயம் நான் இட்டுக்கட்டியதில்லை. பஸ்ஸில் தலையைக் குனிந்து நடித்தே காட்டினாள். முன் இருக்கைக்காரர் பயந்து திரும்பிப் பார்த்தார்.)

5

இனி அவள் தொழிலைப் பற்றி. இந்தப் பகுதியில் நான் வாயைப் பிளந்துகொண்டு எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இருவருக்கும் வேலை கிடைத்தது, தேவயானிக்குத் திருப்பதியில், மங்காவுக்கு நகரியில். போட்டிக்குப் போட்டி சேர்ந்து போனார்கள். மாநிலம், தேசம், பிறகு வெளிநாடு. மதிய வெயிலில் மணல் கால் தோலை உரிக்கும் என்று மற்றவர்கள் சாக்ஸ் போட்டுக்கொள்வார்கள். இவர்கள் வெறுங்காலோடு நின்றார்கள். வீரம் இல்லை, சாக்ஸ் போட்டால் மணல் பேசுவது கேட்காது என்று மங்கா சொன்னாள். தாய்லாந்தில் ஒரு போட்டியில் தங்களைவிட ஒரு தலை உயரமான ஜோடியை ஜெயித்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் ஓடி வந்து, வெயில் முதுகில் அடிக்கும்போது எதற்குத் தொப்பியை இழுத்துக்கொள்கிறீர்கள், இது என்ன பயிற்சி, யார் சொல்லித்தந்தது என்று கேட்டாராம். மங்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பவர்லூம் ஆட்கள் என்பதை எந்த மொழியில் சொல்வது?

போட்டி இல்லாத நாட்களில் விடியற்காலை ஆற்றில் தனியாக சர்வீஸ் போட்டுப் பழகுவாள். இப்போது தங்கவேலு பந்து எடுத்துப் போடுகிறார். எடுத்துப் போட்டுக்கொண்டே திட்டுகிறார். அவளுக்கு அது இல்லாமல் சர்வீஸ் சரியாக விழுவதில்லையாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் ரொம்ப நல்லவளாகப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு குறை வைக்க வேண்டாமா? யோசித்துப் பார்த்தால் அவளே ஒன்றைச் சொல்லியிருந்தாள். தோற்றுவிட்டால் தேவயானியோடு பேச மாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்துவிடுவாள். தேவயானியும் வற்புறுத்தமாட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து உட்காருவாள், அவ்வளவுதான். குறையாக வைக்கப் போனேன், அதிலும் தேவயானிதான் பெரியவளாகிறாள். என்ன செய்வது?

6

காக்கிநாடாவில் தேவயானியின் வலது தோள் போயிற்று. இரண்டாவது செட்டின் நடுவில் பந்துக்குப் பாய்ந்தவள் தோளில் விழுந்தாள். எழுந்தபோது கை மேலே வரவில்லை. வெளியே போனால் ஆட்டம் முடிந்தது, மாற்று ஆள் கிடையாது.

"ஒதுங்குடீ. போதும் வா, போலாம்," என்றாள் மங்கா.

"பர்வாலேது. நுவ்வு ஆடு," என்றாள் தேவயானி. பரவாயில்லை, நீ ஆடு.

இடது கையால், கீழிருந்து சர்வீஸ் போட்டாள். எதிராளிகள் பந்தையெல்லாம் அவள் பக்கமே அடித்தார்கள். ஆட்டத்தில் அது தப்பில்லை. மங்கா அந்த முழு மணலையும் ஒருத்தியாக ஓடினாள். மூன்றாவது செட் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றார்கள். கூட்டம் ஜெயித்தவர்களை விட்டுவிட்டு இவர்களுக்குக் கைதட்டியது. மங்கா அன்றும் தேவயானியோடு பேசவில்லை. ரயிலில் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், ஆனால் பேசவில்லை.

தோள் ஆறும், ஆனால் பழைய மாதிரி தலைக்கு மேலே வீசி அடிக்க வருமா என்பது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் தேசிய அணிக்கு ஆள் தேர்வு செய்கிறவர்களிடமிருந்து மங்காவுக்குப் போன் வந்தது. பிரித்திகா என்று ஒரு புதுப் பெண், ஆறடி உயரம், சின்ன வயது. அவளோடு ஜோடி சேர்ந்தால் நாட்டுக்காகத் தகுதிப் போட்டிகளில் ஆடலாம். அன்று சாயங்காலத்துக்குள் சரியா இல்லையா சொல்ல வேண்டும். மங்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது. இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை.

சரி என்றால் தேவயானியின் ஆட்டம் முடிந்தது. தோள் ஆறி வந்தாலும் அவளோடு ஜோடி சேர யாரும் இருக்கமாட்டார்கள். இல்லை என்றால், ஆறுமா ஆறாதா என்று தெரியாத ஒரு தோளுக்காகக் காத்திருந்து இருவர் ஆட்டமும் முடியலாம். இதைத்தான் நேரில் சொல்ல அவள் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

7

முடிவுகள்.

*முடிவு ஒன்று.* "எனக்குத் தேவயானியைத் தவிர வேறு ஜோடி இல்லை," என்று அலர்மேல்மங்கை போனை வைத்தாள். அவள் கண்களில்

அடித்துவிட்டேன். உங்கள் கண்ணை நனைப்பதற்காக அவளுடைய இத்தனை வருஷ உழைப்பை ஒரே வாக்கியத்தில் ஆற்றில் போட எனக்கு என்ன உரிமை? அவள் அந்த ஆட்டத்தை எவ்வளவு நேசிக்கிறாள் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

*முடிவு இரண்டு.* சரி என்கிறாள். பிரித்திகாவோடு போய் ஜெயிக்கிறாள். திருப்பதியில் ஒரு வீட்டில், டி.வி. முன்னால், தேவயானி அழுகிறாள்.

குணா இதற்கும் வந்துவிட்டார். "ஜோடி மாத்துறது இந்த ஆட்டத்துல சாதாரணம். கம்பெனி மாறுற மாதிரி. அதுக்குப் போயி யாராச்சும் அழுதுக்கினு இருப்பாங்களா?" என்றார். அவருடைய சிநேகிதர் சலீம் வேறு கம்பெனிக்குப் போனபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாதது யார் என்று கேட்டேன். டீ போடப் போய்விட்டார்.

*முடிவு மூன்று.* தோள் ஆறிவிடுகிறது.

வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதவில்லை.

*முடிவு நான்கு.* மங்கா பிரித்திகாவோடு ஆடுகிறாள். இருவருக்கும் பயிற்சியாளராகத் தேவயானி. மூன்று பேரும் ஒரே படத்தில் சிரிக்கிறார்கள்.

இது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். கடையில் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டிக்கொண்டிருந்தபோது உறைத்தது. நான்கு முடிவிலும் தேவயானிக்கு நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அழ வைத்தேன், சிரிக்க வைத்தேன், தோளை ஆற்றினேன், வேலை கொடுத்தேன். நீ என்னம்மா சொல்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்கு எப்படித் தெரியும்? அவள் பஸ்ஸில் வரவில்லையே.

8

வடமாலப்பேட்டை டோல்கேட்டில் பஸ் நின்றபோது நான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். போய் என்ன சொல்லப் போகிறாய்?

வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றது ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா. போன்லயே சொல்லியிருப்பேன். நான் வாயத் தொறந்ததும் அவ 'சரி, நீ போ'ன்னு சொல்லிடுவா. யோசிக்கக்கூட மாட்டா. அதான் பயமா கீது."

திருச்சானூரில் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, போயிட்டு வரேங்க்கா என்று சொல்லி இறங்கினாள். அன்று கடைக்குப் போய் இரண்டு பேருக்குத் தப்பான பவர் எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

9

என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். குணா கண்டுபிடித்துவிட்டார். நான் சொன்ன அடையாளத்தை வைத்து அவள் யார் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு நடந்த தகுதிப் போட்டியையும் போனில் பார்த்துவிட்டார். சொல்லக் கூடாது என்று தடுத்திருக்கிறேன். பதிலை முகத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றுகிறார். சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டால்கூட ஒரு மாதிரி பார்க்கிறார். எனக்கு வேண்டாம். நடந்தது தெரிந்துவிட்டால் அதுதான் சரி என்று எழுதத் தொடங்கிவிடுவேன்.

அதனால் இந்தக் கதையின் கடைசிக் காட்சியை என்னால் எழுத முடியாது. அதில் பேச வேண்டியவள் மங்கா இல்லை. இடத்தை மட்டும் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறேன்.

திருச்சானூரில் ஒரு வாடகை வீட்டின் மாடி. நீங்கள்தான் தேவயானி. வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, அசைந்தால் வலிக்கிறது. மங்கா வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தீர்கள், குடித்துவிட்டாள். சொல்லவும் சொல்லிவிட்டாள். இப்போது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. சரி என்று சொல்லலாம். போகாதே என்று சொல்லலாம், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதைச் சொல்வதானாலும் உடனே சொல்லிவிடாதீர்கள்.